மிச்சம் இறங்கும்போது

“மிச்சம் இறங்கும்போது” என்று சொல்லிக்கொண்டே லிப்ட்காரர் குற்றாலலிங்கம் கிரில் கதவை இழுத்துச் சாத்தினார். மூன்றாம் மாடியில் இறங்கிய வக்கீலுக்கு ஆபீஸுக்குள் போகக் கால் வரவில்லை. நகைக்கடைக்குள் புகுந்த கள்ளன் ஓட்டைப் பிரித்துக் கயிறு கட்டி இறங்கியதுவரைதான் அவருக்குத் தெரியும். “லிங்கம், ஆளைப் பிடிச்சோ இல்லையோ, அது மாத்ரம் பற!” என்று தன் மலையாளத் தமிழில் கம்பிகளுக்கு இடையில் வாயை வைத்துக் கேட்டார். லிப்ட் கிளம்பிவிட்டது. வக்கீலின் கண்ணெதிரே முதலில் லிங்கத்தின் தலை மறைந்தது. அப்புறம் காக்கிச் சட்டையின் பித்தான்கள். கடைசியாக ரப்பர் செருப்பு. கள்ளன் கயிற்றிலேயே தொங்கிக்கொண்டிருந்தான்.

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குத் திரும்பும் முனையில் இருக்கிறது அந்த ஐந்து மாடிக் கட்டடம். அங்கே செய்தி என்பது மேலே போகப்போக நீளும் பண்டம். ஒன்றாம் மாடிக்குத் தலைப்பு மட்டும். இரண்டாம் மாடிக்காரர்களுக்கு எங்கே நடந்தது என்று தெரியும். மூன்றுக்கு யார் என்பதும் எப்படி என்பதில் பாதியும் கிடைக்கும். நான்காம் மாடிச் சீட்டுக் கம்பெனிக்காரர்கள் எப்படி என்பதுவரை கேட்டுவிடுவார்கள். ஏன் என்பது ஐந்தாம் மாடிக்கு மட்டுமே உரியது. லிப்டும் பழையது, அவசரம் அறியாதது. மாடிக்கு மாடி ஒரு வாக்கியம் நிதானமாக முடிகிற வேகத்தில்தான் ஏறும்.

ஒன்றாம் மாடியில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வைத்திருக்கும் ஜெபசிங்குக்கு இந்த ஏற்பாட்டில் தீராத வருத்தம். மார்த்தாண்டத்துக்காரர். பாலிசி எடுக்க வருகிறவனிடம் மூச்சு விடாமல் பேசுகிறவர். தனக்கு மட்டும் யாரும் முழுதாகப் பேசவில்லை என்று குறை.

“அண்ணாச்சி, ஒண்ணாம் மாடிக்காரன்னா ஒமக்கு அவ்வளவு எளக்காரமா? எலெக்‌ஷன்ல ஆரு ஜெயிச்சான்னு கேட்டா, ‘ஓட்டு எண்ணுதாவ’ன்னு சொல்லி எறக்கி விட்டுட்டீரே!”

“ஒம்ம ஆபீஸை மேல மாத்தும் வே. நானா வேண்டாங்கேன்?”

சில நாட்களில் ஜெபசிங் பொறுக்கமாட்டாமல் ஐந்துவரை ஏறிப்போய், ஏன் என்பதைத் தெரிந்துகொண்டு, அதே லிப்டில் ஒன்றுக்கு இறங்குவார். அப்போதும் முடிவு கிடைக்காது. இறங்கும்போது சொல்வதாக வாக்குக் கொடுத்த லிங்கம், இறங்கும்போது புதிதாக ஏறுகிறவனுக்கு வேறொரு செய்தியைத் தொடங்கியிருப்பார். திருவனந்தபுரத்தில் அந்தக் கட்டடத்துக்கு வந்துபோகிறவர்கள் அளவுக்குச் செய்திகளின் ஆரம்பம் தெரிந்தவர்கள் வேறு எங்கும் இல்லை.

குற்றாலலிங்கம் தென்காசிப் பக்கத்து ஆள். எட்டாம் வகுப்போடு புஸ்தகத்தை மூடினாலும் பத்திரிகையை மூடியதில்லை. ஹோட்டலில் எச்சில் இலை எடுக்க வந்தவர், அந்த இலைக்கு அடியில் விரித்த காகிதத்தையும் விடாமல் படித்திருக்கிறார். லிப்ட் வேலை கிடைத்ததும் முதலில் கேட்டது, “உக்கார ஸ்டூலு உண்டா?” என்று, அடுத்தது, “உள்ள லைட்டு உண்டா?” என்று. எந்த மாடி வருகிறது என்று நிமிர்ந்து பார்க்கமாட்டார். மூக்கு சொல்லிவிடும். கீழே வடை. ஒன்றில் ரப்பர் ஸ்டாம்பு மை. இரண்டில் தையற்கடையின் புதுத் துணி. மூன்றில் வக்கீல் கட்டுகளின் பழைய தூசி. நான்கில் சீட்டுக் கம்பெனி சாமி படத்துச் சாம்பிராணி. ஐந்தில் வாசனையே கிடையாது, குளிர்தான். அங்கேதான் கம்ப்யூட்டர் இருக்கிறது.

செய்திகளில் அவருக்கு உயர்ந்த ஜாதி ஒன்றே: தலைப்பில் ‘கதி என்ன?’ என்று கேட்கிற செய்தி. ‘மலையேறிய மூவர் கதி என்ன?’, ‘வெள்ளத்தில் சிக்கிய பஸ் கதி என்ன?’ இப்படி ஒன்று அமைந்துவிட்டால் அன்றைக்கு மதியச் சோறுகூட அவருக்கு இரண்டாம் பட்சம். ஒன்றாம் மாடியில் அந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு, இறங்குகிறவர்களின் முதுகைப் பார்ப்பார். முதுகு ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கம்தான் அவருடைய சம்பளம்.

ஆனால் ஒரு விஷயம் யாருக்கும் தெரியாது. முடிவை அவர் மறைப்பதில்லை. அவருக்கே தெரியாது.

காரணம், பங்கு. நாகர்கோவிலில் அச்சாகி அதிகாலை பஸ்ஸில் வரும் தமிழ்ப் பேப்பரை அவரும் கீழே கேன்டீன் நடத்தும் ராஜையனும் சேர்ந்துதான் வாங்குகிறார்கள். வந்ததும் இரண்டாகப் பிரிப்பார்கள். மேல்தாள் லிப்டுக்கு, உள்தாள்கள் கேன்டீனுக்கு. மேல்தாளில் செய்திகள் எல்லாம் ஆரம்பிக்கும்; பாதியில் ‘தொடர்ச்சி 7-ம் பக்கம்’ என்று கைகாட்டிவிட்டு நின்றுபோகும். ஏழாம் பக்கம் கேன்டீன் மேஜையில், சாம்பார் வாளிக்குப் பக்கத்தில், டீ குடிப்பவர்களின் கையில் இருக்கும். பகலில் ஒருதரம் எட்டிப் பார்க்கக்கூடாதா என்றால், லிங்கம் கொள்கையாகவே போவதில்லை.

“ஏழாம் பக்கத்துல என்ன வே இருக்கப்போவுது? பேரு, ஊரு, வயசு. அவ்ளோதான். செய்தின்னா அது மொதப் பக்கத்தோட தீந்துரும், பாத்துக்கிடும்.”

இந்த ராஜ்ஜியம் இரண்டாயிரமாம் ஆண்டோடு ஆட்டம் காணத் தொடங்கியது. ஐந்தாம் மாடி கம்ப்யூட்டர் சென்டருக்கு இன்டர்நெட் வந்தது. அங்கே டேட்டா என்ட்ரி வேலை பார்க்கும் பத்மப்ரியா, வலியசாலை அக்ரஹாரத்துப் பெண், பி.எஸ்ஸி. முடித்தவள். ஒரு காலை, அவள் வடை வாங்கிக்கொண்டு திரும்ப ஏறும்போது, லிங்கம் வழக்கம்போல் கதவைச் சாத்தி, தொண்டையைச் செருமி, “ரயில்ல தீ. அம்பது பேரு…” என்று ஆரம்பித்ததும், “அது காலம்பறயே பாத்தாச்சு, லிங்கண்ணா. யாருக்கும் ஒண்ணும் ஆகலை” என்றாள்.

லிப்ட் அப்போது இரண்டாம் மாடியைக்கூடத் தொடவில்லை. மீதி நான்கு மாடியும் அதில் இருந்த அத்தனை பேரும் வாய் பேசாமல் ஏறினார்கள். கிரீஸ் இல்லாத கப்பியின் சத்தத்தைக் குற்றாலலிங்கம் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

மறுநாள் மத்தியானம் அவரே ஸ்டூலிலிருந்து எழுந்து ஐந்தாம் மாடிக்குள் போனார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, குளிருக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு, “அது என்னம்மா, எங்கிட்டயும் காட்டு” என்றார்.

பத்மப்ரியா டெலிபோன் லைனைப் பிடித்தாள். பெட்டி கரகரவென்று தொண்டையைச் செருமியது. “நம்மள மாதிரியேல்லா ஆரம்பிக்கி” என்று லிங்கம் கொஞ்சம் சந்தோஷப்பட்டார். தமிழ்ப் பத்திரிகையின் பக்கம் வந்தபோது எழுத்துகள் எல்லாம் கோழி கிளறிய முற்றம் மாதிரி இருந்தன. அதற்கென்று தனியாக எழுத்து இறக்க வேண்டுமாம். அவள் இறக்கினாள். எழுத்துகள் எழுந்து நின்று தமிழாயின. அங்கங்கே நீலத்தில் அடிக்கோடு போட்ட வார்த்தைகள்.

“இதெல்லாம் என்ன, தப்பா அடிச்சிருக்கா?”

“இல்லை, லிங்கண்ணா. இதுல தொட்டா உள்ள போகலாம். இதோ, ‘முதல்வர்’னு இருக்கோன்னோ? தொட்டா அவரைப் பத்தி வரும். அதுல இன்னொண்ணு இருக்கும். அதைத் தொட்டா வேற ஒண்ணு.”

தொட்டுத் தொட்டுப் போனார்கள். தேங்காய் விலையில் ஆரம்பித்தது, இலங்கை வழியாக ஏதோ ஒரு தீவின் கிரிக்கெட்டில் போய் நின்றது. லிங்கத்துக்கு மூச்சு வாங்கியது.

“சரி, தேங்கா என்னாச்சு?”

“எந்தத் தேங்காய்?”

“மொதல்ல படிச்சோம்லா, அது! இதுல இறங்குத கதவு எங்கம்மா இருக்கு?”

பத்மப்ரியா சிரித்துவிட்டு, பின்னோக்கிப் போகும் பொத்தானைக் காட்டினாள். அவருக்குத் திருப்தி இல்லை.

“பேப்பர்ல எது மேல வரணும், எது கீழ வரணும்னு ஒருத்தன் கண்ணு முழிச்சி உக்காந்து தீர்மானம் பண்ணுதான். இதுல ஆரு தீர்மானம் பண்ணுதா?”

“நான்தான்! எனக்கு வேணுங்கறதை நான் படிப்பேன். உங்க லிப்டுல நீங்க சொல்றதைத்தானே கேட்டாகணும்? அதுவும் பாதி!”

“பாதியா? அஞ்சாம் மாடிக்கு முக்கா கிடைக்கும்லா” என்றார் லிங்கம், மெய்யாகவே புண்பட்டு.

அதற்குப் பிறகு அவர் முன்னைவிடக் கடுமையாக உழைத்தார். கம்ப்யூட்டர்காரர்களுக்கு முன்னே செய்தியைப் பிடிக்கப் பேப்பர் கட்டு பிரிக்கிற இடத்துக்கே போய் நின்றார். குரலில் ஏற்ற இறக்கம் கூடியது. ‘மிச்சம் இறங்கும்போது’ என்பதை ஒரு பாட்டின் பல்லவியைப்போலச் சொல்லப் பழகினார். இந்தப் போட்டி உச்சத்தில் இருந்த சமயத்தில்தான், ஓர் ஆவணி மாதக் காலையில், மேல்தாளில் அந்தத் தலைப்பு வந்தது: ‘ஆழ்கடலில் விசைப்படகு மாயம்: ஒன்பது மீனவர் கதி என்ன?’

முதல் நடையிலேயே லிப்ட் நிறைந்துவிட்டது. ஜெபசிங், வக்கீல், வடைப் பொட்டலம் தொங்கும் கையோடு பத்மப்ரியா. மூலையில் வாளியும் துடைப்பமுமாக எலிசாள். எலிசாள் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறவள். குமரிக் கடற்கரையில் பிறந்து, விழிஞ்ஞத்தில் வாழ்க்கைப்பட்டவள். செய்திக்குக் காது கொடுக்கும் வழக்கம் அவளுக்கு அதிகம் இல்லை. வாளித் தண்ணீர் தளும்பாமல் இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

“போட்டைக் காணோம்!” என்றார் லிங்கம். “ஒம்பது பேரு. கதி என்ன?”

ஒன்றாம் மாடி. ஜெபசிங் வைதுகொண்டே இறங்கினார்.

“கொச்சியில இருந்து ஆழ்கடலுக்குப் போன போட்டு. சுறாப் பிடிக்கப் போனது. ஒயர்லெஸ்ஸுல பேச்சே இல்லை.”

இரண்டாம் மாடி. யாரும் இறங்கவில்லை, தையற்காரர் ஒருவர் ஏறிக்கொண்டார்.

“அதுல போனவுக எல்லாரும் நம்ம குமரிக் கரைக்காரவ.”

மூன்றாம் மாடி. வக்கீல் இறங்கினார். எலிசாள் வாளியை வெளியே வைத்தாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

“எந்த ஊருக்காரவ, அண்ணே?”

“மிச்சம் இறங்கும்போது, எலிசாளு” என்றார் லிங்கம். வாய் பழகியபடி, பல்லவியாகவே சொன்னார். கதவைச் சாத்தினார்.

ஐந்தில் பத்மப்ரியாவை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மூன்றாம் மாடியிலிருந்து மணி விடாமல் அடித்தது. கதவுக்கு வெளியே எலிசாள் நின்றாள். வாளி கவிழ்ந்து, தண்ணீர் வக்கீல் ஆபீஸ் வாசல்வரை ஓடியிருந்தது. அதை அவள் கவனிக்கவே இல்லை.

“எனக்க தம்பி கொச்சியில இருந்துதான் தொழிலுக்குப் போவான், அண்ணே. சுறாத் தொழிலு. போய் நாளு ரொம்ப ஆச்சு. பேரு போட்டிருக்கா? ததேயுஸ்னு இருக்கா பாருங்க.”

லிங்கம் தாளை விரித்தார். செய்தியின் கடைசி வரிக்கு விரலைக் கொண்டுபோனார். ‘படகில் இருந்தவர்கள் விவரம் வருமாறு:’ என்று இருந்தது. அதற்குக் கீழே, அடைப்புக்குள், ‘தொடர்ச்சி 7-ம் பக்கம்’.

ஆயிரம் முறை அவரைக் கடந்துபோன வரிதான். அன்றைக்கு அது அவரை நிறுத்திவிட்டது.

“உள்தாள் கீழ இருக்கு. ஏறு, தங்கச்சி” என்றார். எல்லா மாடியிலும் மணி அடித்தது. எதற்கும் நிற்காமல் லிப்டைக் கீழே இறக்கினார்.

கேன்டீனில் ராஜையன் கரண்டியோடு திரும்பினார். “உள்தாளா? ஓய், மேல்தாள நீரு கொண்டுபோயிட்டா மிச்சத்துல நேத்தைக்கு உள்ளது எது, இன்னைக்கு உள்ளது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தேதி பாக்க நேரமா இருக்கு? ஒரு தாள்ல வடை பொதிஞ்சு குடுத்துட்டேன்.”

“ஆருக்கு?”

“அஞ்சாம் மாடிப் பொண்ணுக்கு. ஒம்ம லிப்டுலதான ஓய் போச்சு!”

போயிருந்தது. பேரும் ஊரும் வயதும் எண்ணெய் ஊற ஊற, அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டு ஏறியிருந்தது. அதன் பக்கத்தில் நின்றுதான் மிச்சம் இறங்கும்போது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

திரும்ப ஐந்துக்கு. அந்த லிப்டுக்கு அவசரம் என்றால் என்ன என்று அப்போதும் தெரியவில்லை. எலிசாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ ஜெபம் சொன்னாள். லிங்கம் கைப்பிடியை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். அமுக்கினால் வேகம் கூடாது என்பது அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது.

பத்மப்ரியா முதல் வடையின் கடைசி வாயில் இருந்தாள். பொதிந்த தாள் குப்பைக் கூடைக்குள் கிடந்தது. லிங்கம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூடைக்குள் இறங்கினார். “அது எண்ணெயாப் போயிருக்கும், லிங்கண்ணா. நெட்லயே பாத்துடலாம். இருங்கோ” என்று அவள் விரலைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தட்டினாள். படகுச் செய்தி வந்தது. பக்கவாட்டில் நீலத்தில் இன்னொரு வரி: விசைப்படகு விபத்து. தொட்டாள். பக்கம் மேலிருந்து கீழே பட்டை பட்டையாகத் திறந்தது. பத்மப்ரியா வாய்விட்டே வாசித்தாள்.

“‘ஐந்து உடல்கள் கரை ஒதுங்கின…’”

எலிசாள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அறையில் இருந்த எல்லாருடைய கையும் பொத்தான்களின் மேலே அப்படியே நின்றது.

“அய்யய்யோ!” என்றாள் பத்மப்ரியா திடீரென்று. “இது போன வருஷத்து நியூஸாக்கும்! தேதி அடியில கிடக்கு. மாமி, எலிசா மாமி, இது வேற போட்டு! இது அதில்லை, கேட்டேளா? பழசையும் புதுசையும் ஒண்ணா வெச்சிருக்கான், நாசமாப் போறவன்!” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தொட்டது தன் விரல்தானே என்று அந்த விரலையே பார்த்தாள்.

லிங்கத்துக்கு ஏழாம் பக்கம் அகப்பட்டது. உள்ளங்கையால் சுருக்கம் நீவினார். எண்ணெய் குடித்த காகிதம் கண்ணாடியாகிவிட்டது. ஏழாம் பக்கத்தின் ஊடே எட்டாம் பக்கத்துச் சேலை விளம்பரம் இடவலம் மாறிய எழுத்தாகத் தெரிந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்து, வெளிச்சத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்தெடுத்தார். எலிசாளுக்கு எழுத்து தெரியாது. அவர்தான் வாசிக்க வேண்டும்.

ஒரு பெயர் வாசித்தார். ஊர் வாசித்தார். வயது வாசித்தார். இன்னொன்று. இன்னொன்று. அதற்கடுத்த வரியில் அவர் குரல் நின்றது. சேலை விளம்பரத்துக்கு நடுவே, சந்தேகத்துக்கு இடமில்லாமல், ததேயுஸ் என்று இருந்தது. வயது இருபத்துநான்கு என்றும் இருந்தது.

அந்தக் கணம் மிச்சம் இறங்கும்போது என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டால் என்ன என்று குற்றாலலிங்கத்துக்குத் தோன்றியது.

“வாசிங்கண்ணே” என்றாள் எலிசாள் தரையிலிருந்து. “நிறுத்தாதிய.”

வாசித்தார். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, விடாமல், மீதிப் பெயர்களையும் சொல்லி முடித்தார். ஒன்பதாவது பெயருக்குப் பிறகு ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஏழாம் பக்கமும் அத்தோடு தீர்ந்துபோயிற்று.

“அது ராத்திரி அடிச்ச பேப்பர்” என்றாள் பத்மப்ரியா. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “அதுக்கப்புறம் என்னவாச்சும் வந்திருக்கும். மலையாளம் சைட்டு பாக்கறேன். அவன் காலம்பறயும் மாத்துவான்.” இந்தத் தடவை ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் தேதியைத் தேடினாள். இருந்தால் விரலை வைத்துக் காட்டினாள். “இன்னிக்கு. பாத்துக்கோங்கோ, இன்னிக்கு.” மீனவர் என்ற நீல வார்த்தையைத் தொட்டாள். பக்கம் வெள்ளையாக நின்றது. முதலில் ஒரு வங்கி விளம்பரம் இறங்கியது. அப்புறம் தலைப்பின் மேல்பாதி வந்தது; மலையாள எழுத்துகளின் தலைகள் மட்டும். லிங்கம் கழுத்தை நீட்டி, பெட்டியின் கண்ணாடிக்குக் கீழே இருந்து எட்டிப் பார்க்க முயன்றார்.

“சீக்கிரம் எறங்கச் சொல்லும்மா, அதை!”

இறங்கியது. பத்மப்ரியா வாசித்தாள், வாசிக்கிறபோதே தமிழாக்கினாள். என்ஜின் கெட்டுப்போன படகு, மினிக்காய்த் தீவுப் பக்கம் ஒதுங்கிக் கிடந்ததைச் சரக்குக் கப்பல் பார்த்திருக்கிறது. ஒன்பது பேரும் தீவில் இருக்கிறார்கள். ஒருவனுக்குக் கையில் காயம். மற்றபடி சுகம்.

“ஒன்பதா?” என்றாள் எலிசாள்.

“ஒன்பது.”

“அந்தக் கடுதாசிலயும் ஒம்பது தானே, அண்ணே?”

“ஒம்பதுதான், தங்கச்சி. எண்ணித்தான் வாசிச்சேன்.”

பெட்டியில் பெயர் இல்லை. எண்ணெய்த் தாளில் கதி இல்லை. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து முந்தானையை உதறினாள்.

“நாசமாப் போவான், கரைக்கு வரட்டும்! கல்யாணத்துக்குப் பெண்ணு பாத்து வச்சிருக்கேன், தீவுல போய்க் கிடக்கான். கையில காயம்னா அது அவனாத்தான் இருக்கும். கத்தி பிடிக்கத் தெரியாது, சுறாப் பிடிக்கப் போயிருக்கான்!” மேஜைமேல் இருந்த இரண்டாவது வடையை யாரையும் கேட்காமல் எடுத்துக் கடித்தாள். பத்மப்ரியா தண்ணீர்ச் செம்பை நகர்த்திவைத்தாள். வாய் நிறைய வடையோடு எலிசாள் லிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, இனி ‘கதி என்ன’ன்னு எங்கிட்ட கேக்கப்பிடாது, கேட்டியளா? நானா பேப்பர் அடிக்கேன்? நீங்கதான் சொல்லணும்.”

லிங்கம் தலையாட்டினார். கீழே எல்லா மாடியிலும் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஜெபசிங் படிக்கட்டில் ஏறிவந்து, மூச்சிரைக்க, “போட்டு என்னாச்சு ஓய்?” என்று கேட்டார். ஒன்றாம் மாடிக்காரர் ஒருவருக்கு ஒரு செய்தியின் முடிவு முழுதாகக் கிடைத்தது அந்தக் கட்டடத்தில் அதுவே முதல் தடவை. அவர் அதை ஒரு மாதம் வைத்துச் சொல்லித் திரிந்தார்.

பங்கு இப்போதும் உண்டு. ஆனால் உள்தாள் கேன்டீனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போகிறது. ராஜையன் கத்துகிறார். பத்மப்ரியா ஐந்தில் இறங்குகிற போக்கில், காலையில் பெட்டியில் பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போகிறாள். முன்பு அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட லிங்கம், “இன்னைக்குத் தேதி பாத்தியாம்மா?” என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார். ததேயுஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் கட்டோடு வந்து லிப்டைப் பார்த்துவிட்டுப் போனான். படகில் தலை சுற்றாதவனுக்கு அதில் தலை சுற்றியது.

சென்ற வாரம் ஒரு கோயில் யானை, லீவில் போன பாகனைத் தேடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்ட செய்தி வந்தது. ஒன்றாம் மாடியில் ஜெபசிங்கை இறங்கவே விடவில்லை. அவரும் இறங்குவதாக இல்லை. மூன்றாம் மாடி வந்தது. லிப்ட் நின்றது. வக்கீல் பையை எடுத்துக்கொண்டார். எலிசாள் வாளியைத் தூக்கினாள். வெளியே, கீழே போகக் காத்திருந்த இரண்டு பேர் கம்பியைத் தட்டினார்கள். மேலும் கீழும் மணி அடித்தது.

“அண்ணே, கதவைத் திறங்க. துடைக்கணும்.”

“யானைக்கு வயசு சொல்லலையே. இரு” என்றார் குற்றாலலிங்கம்.

அவர் கிரில் கதவின்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, ஏழாம் பக்கத்தை விரித்தார்.